வாள் தாங்கிய கையும் ஏர் பிடிக்கும் கையும்

அருகன் திருவடி போற்றி. 

கற்பக மரங்கள் கொடுத்ததை உண்டு வாழ்ந்த போகபூமிக் காலம் முடிந்து, மக்கள் பசியால் வருந்தி நின்றபோது, ஆதிநாதர் அவர்களுக்கு ஆறு தொழில்களைக் கற்பித்தருளினார் என்று ஜினசேனாசாரியரின் ஆதிபுராணம் கூறுகிறது. அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்பன அவை. அசி என்பது வாள். நாட்டைக் காக்கும் தொழில். மசி என்பது மை, எழுத்துத் தொழில். கிருஷி என்பது உழவு. வாளும் ஏரும் ஒரே ஆசானிடமிருந்து, ஒரே காலத்தில் மக்களுக்குக் கிடைத்தன என்பது சிந்திக்கத்தக்கது. வாளைக் கையில் எடுக்க ஒருவனைப் பழக்கும் நாடு, அவன் அதனைக் கீழே வைத்தபின் எங்கே போவான் என்று எண்ணிப் பார்க்கிறதா? இவ்வுரையின் பொருள் அதுவே. போரிலிருந்து மீண்ட வீரருக்கு உழவு எவ்வாறு மருந்தாகிறது, எப்போது மருந்தாகாமற் போகிறது, அதில் தமிழ்ச் சமணர்க்குரிய பங்கு யாது என்பவற்றை முறையே காணலாம்.

போர் உடலில் செய்யும் புண்ணை எல்லாரும் காண்பர். உள்ளத்தில் செய்யும் புண்ணுக்கு உலகம் பெயரிடவே நெடுங்காலம் ஆயிற்று. முதல் உலகப்போரின்போது, 1915ஆம் ஆண்டில், சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ‘ஷெல் ஷாக்’ என்ற சொல்லை மருத்துவ இதழொன்றில் எழுதினார். பீரங்கிக் குண்டின் அதிர்ச்சி என்பது அதன் பொருள். பேச்சிழந்தவர், உறக்கமிழந்தவர், கைகால் நடுக்கம் தீராதவர் எனப் பலர் போர்முனையிலிருந்து திரும்பினர். அவர்களுள் கோழையெனப் பழிக்கப்பட்டோரும் உண்டு. 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில், பெருந்துயர்க்குப் பின் நேரும் மன அழுத்தம் தனியொரு நோயாக இடம்பெற்றது.

அதன் பின்னரும் ஒரு நுட்பம் எஞ்சியிருந்தது. வியட்நாம் போரில் ஈடுபட்ட வீரர்க்குப் பல ஆண்டுகள் மருத்துவம் செய்த ஜோனதன் ஷே என்பவர், அவர்களை வாட்டுவது அச்சம் மட்டும் அன்று என்று கண்டார். தம் மனச்சான்று ஏற்காத ஒன்றைத் தாமே செய்துவிட்டோம், அல்லது தடுக்காமல் நின்றுவிட்டோம் என்ற வேதனையும், மேலோர் தம்மைக் கைவிட்டனர் என்ற கசப்பும் அவர்களை அரித்தன. இதனை அறப்புண் எனலாம். அச்சத்தால் வந்த நடுக்கத்தை மருந்து ஓரளவு தணிக்கும். அறத்தில் விழுந்த புண்ணை மருந்து மட்டும் ஆற்றுவதில்லை.

இப்புண்ணைச் சமண நூல்கள் முன்பே அறிந்திருந்தன. பரதனும் பாகுபலியும் போருக்கு எழுந்தபோது, இருதரப்பு அமைச்சரும் கூடி, படைகள் வீணே மடிய வேண்டா, உடன்பிறந்தார் இருவரும் தமக்குள்ளேயே வலிமையைக் காணட்டும் என்று வேண்டினர். அவ்வாறே கண்ணாற் பொருதலும், நீரிற் பொருதலும், மற்போரும் நிகழ்ந்தன. மூன்றிலும் பாகுபலியே வென்றார். வென்ற கணத்திலேயே வெற்றியில் வெறுப்புற்று, அரசைத் துறந்து, காயோத்சர்க்கத்தில் ஓராண்டு அசையாது நின்றார். காலடியில் புற்று எழுந்தது. தோள்வரை கொடி படர்ந்தது. ஆயினும் கேவலஞானம் கைகூடவில்லை. தம்மால் பரதன் துன்புற்றானே என்ற நினைவு முள்ளாக உள்ளே தங்கியிருந்தது. பரதன் தானே வந்து வணங்கி நின்றபோதுதான் அம்முள் அகன்றது என்கிறது ஆதிபுராணம்.

போர்த்தொழிலை நன்கு அறிந்த ஒருவரே இவ்வரலாற்றைக் கல்லில் நிலைநிறுத்தினார் என்பதும் கருதத்தக்கது. கங்கர் படைத்தலைவர் சாமுண்டராயர், ஏறத்தாழ 981ஆம் ஆண்டில், சிரவணபெளகொளாவின் விந்தியகிரியில் 58 அடி உயரத் திருவுருவை எழுப்பினார். பல களம் கண்ட அப்பெருவீரர் நிறுவியது வெற்றித்தூண் அன்று. வெற்றியைத் துறந்த ஒருவரின் திருமேனி. அதன் கால்களிலும் கைகளிலும் கொடி ஏறியிருப்பதை வழிபடச் செல்வோர் அனைவரும் காண்பர். அசையாத உடலை அஞ்சாமல் பற்றிக்கொண்டு உயிர்கள் வளர்கின்றன. மண்ணும் கொடியும் துணைநின்றன. இறுதி முள்ளை எடுத்ததோ உடன்பிறந்தானின் வருகை. இவ்விரண்டும் சேர்ந்தே புண் ஆறும் என்பது இவ்வரலாறு தரும் பாடம். அண்மைக் கால நிகழ்ச்சிகள் பலவும் இதனையே மெய்ப்பிக்கின்றன.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அருகே கிரெய்க்லாக்கார்ட் என்னுமிடத்தில், 1916இல் படையதிகாரிகளுக்கான மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய ஆர்தர் பிராக் என்னும் மருத்துவர் நோயாளரைப் படுக்கையில் கிடக்க விடவில்லை. தோட்ட வேலை செய்யவும், சுற்றுப்புறத்துச் செடிகொடிகளை ஆராயவும், ஊர்மக்களோடு கலந்து பழகவும் அவர்களை ஏவினார். உழைப்பே மருத்துவம் என்பது அவர் கொள்கை. கிரேக்கர் கதையொன்றை அவர் எடுத்துக்காட்டாகக் கூறுவார். ஆண்டீயஸ் என்னும் மல்லன் நிலமகளின் மைந்தன். நிலத்தைத் தொடுந்தோறும் அவனுக்கு வலிமை பெருகும். அவனைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்தபோதுதான் ஹெர்குலிசால் வெல்ல முடிந்தது. போரும் மனிதனை அவன் நிலத்திலிருந்தும் சுற்றத்திலிருந்தும் பெயர்த்துத் தூக்கிவிடுகிறது. காலை மீண்டும் மண்ணில் ஊன்றச் செய்வதே மருத்துவன் கடமை என்றார் பிராக்.

அவரிடம் மருத்துவம் பெற்றவருள் வில்பிரட் ஓவன் என்னும் இளங்கவிஞரும் ஒருவர். அவர் நலம் பெற்றார். நலம் பெற்றதும் மீண்டும் போர்முனைக்கு அனுப்பப்பட்டு, 1918 நவம்பர் 4ஆம் நாள், போர் முடிய ஒரு வாரமே இருந்த நிலையில் கொல்லப்பட்டார். புண்ணை ஆற்றுவது மீண்டும் புண்படுத்துவதற்காக என்றால் அம்மருத்துவம் முழுமை பெறாது. வாள் வைத்தவன் வாழ்நாள் முழுதும் நிலைக்கத்தக்க வாழ்வு வேண்டும்.

அவ்வாழ்வை அமைக்கும் முயற்சி ஒன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோன்றியது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிய இளைஞருள் பலர் சிற்றூர்களைச் சேர்ந்தவர். இயற்கைமுறைக் காய்கறிப் பண்ணைகளை நடத்திய மைக்கேல் ஓ’கோர்மன் என்பவர், உழவர்க்கு ஆள் வேண்டும், வீரர்க்கு வாழ்வு வேண்டும் என்று கண்டு, இரண்டையும் இணைக்க உழவ வீரர் கூட்டமைப்பு ஒன்றை நிறுவினார். பயிற்சியும், கருவி வாங்கச் சிறு நிதியும், முன்னரே உழவில் இறங்கிய வீரரின் தோழமையும் அதன்வழி கிடைத்தன. விளைபொருளின் மீது வீரர் விளைவித்தது என்னும் முத்திரை பதிக்கும் வழக்கமும் ஏற்பட்டது. 2017ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண் கணக்கெடுப்பில், படையில் பணியாற்றிய உழவர் 3,70,619 பேர் எனக் கண்டறியப்பட்டது. அந்நாட்டு உழவருள் இது 11 விழுக்காடு.

உழவு எவ்வகையில் துணைசெய்கிறது? படையில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கடமை இருந்தது. வெளியே வந்தவனுக்குக் காலையில் எழக் காரணமில்லை. வயலில் நாற்று காத்திருக்கிறது, மாடு காத்திருக்கிறது. பகல் முழுதும் உழைத்த உடல் இரவில் உறக்கத்தை நாடுகிறது. எப்போதும் பகையை எதிர்நோக்கிப் பழகிய கண், நகரத்தெருவில் ஒவ்வொரு ஓசைக்கும் திடுக்கிடுகிறது. அதே கண், வயலில் இலையின் நிறமாற்றத்தையும், வரப்பின் ஓட்டையையும், மடையில் நீர் குறைவதையும் முதலில் காண்கிறது. நோயெனப்பட்ட விழிப்பு அங்கே திறமையாக மாறுகிறது. இவற்றினும் மேலானது ஒன்றுண்டு. அழிக்கப் பழக்கப்பட்ட கை, தன்னால் ஒன்று வளர்வதைத் தானே காண்கிறது. உபதேசத்தால் வராத நம்பிக்கை, முளைத்த விதையைக் கண்டு வருகிறது.

இவ்வளவும் கேட்டபின், வீரர் ஒவ்வொருவர்க்கும் நிலம் கொடுத்துவிட்டால் போதும் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு எண்ணிய நாடும் உண்டு. முதல் உலகப்போர் முடிந்ததும் ஆஸ்திரேலியா, திரும்பி வந்த வீரருள் ஏறத்தாழ 37,000 பேரை நிலத்தில் குடியமர்த்தியது. பலர்க்குக் கிடைத்தவை ஒரு குடும்பம் வாழப் போதாத சிறுநிலங்கள். சில வறண்டவை, சில காடு மண்டியவை. கையில் முதல் இல்லை. உழவறிவு இல்லாதார் பலர். விளைபொருளின் விலையும் வீழ்ந்தது. கடன் கழுத்தை நெரிக்க, ஆயிரக்கணக்கானோர் நிலத்தைக் கைவிட்டு வெளியேறினர். நீதிபதி பைக் 1929இல் அளித்த அறிக்கை, இத்திட்டத்தால் அரசுகளுக்கு நேர்ந்த இழப்பை 2 கோடியே 35 இலட்சம் பவுன் எனக் கணக்கிட்டது. ஒதுங்கிய நிலத்தில், கடனோடும் கனவுகளில் வந்து வருத்தும் நினைவுகளோடும் தனித்துவிடப்பட்ட வீரர்களின் துயரத்திற்குக் கணக்கில்லை.

ஆகவே மண் தானாக எவரையும் குணப்படுத்துவதில்லை. நல்ல நிலம், நீர், முதல், பயிற்சி, விளைந்ததை வாங்குவார், அருகில் நின்று பேசுவார் ஆகிய அனைத்தும் சேர்ந்தாலே அது மருந்து. இவை இல்லையேல் உழவே மற்றொரு போர்க்களமாகிவிடும்.

பாரத நாட்டிலும் சான்றுகள் உண்டு. 1965ஆம் ஆண்டுப் போரில் கேம்கரண் பகுதியில் படை வண்டி ஓட்டிய வீரர் ஒருவர், உடனிருந்தோர் மடியத் தாம் மட்டும் உயிர்பிழைத்தார். தாம் ஏன் பிழைத்தோம் என்ற வினா அவரை விடவில்லை. 1975இல் விருப்ப ஓய்வு பெற்று, மகாராட்டிரத்தில் தம் சிற்றூராகிய ராலேகண் சித்திக்குத் திரும்பினார். அவரே அண்ணா ஹசாரே. மழை குறைந்த அவ்வூரில் கிணறுகள் வற்றிக் கிடந்தன. சாராயம் காய்ச்சுவதே பலர்க்குத் தொழில். தம் சேமிப்பைக் கொண்டு முதலில் ஊர்க்கோயிலைப் புதுப்பித்தார். பின்னர் ஊரார் உழைப்பைத் திரட்டிக் குளத்தின் கசிவை அடைத்து, ஓடைகளில் தடுப்பணை கட்டி, சரிவுகளில் வரப்பெழுப்பி மழைநீரை நிலத்தினுள் இறக்கினார். கிணறுகள் ஊறின, மறுபோகம் விளைந்தது. 1990இல் பத்மஸ்ரீயும் 1992இல் பத்மபூஷணும் அவரை அடைந்தன. குடியை ஒழிக்க அவர் கையாண்ட கடுமை அகிம்சை நெறிக்கு ஒவ்வாதது எனக் கண்டிக்கப்பட்டதும் உண்டு. ஆயினும் பிழைத்த உயிர்க்கு ஒரு பொருளை ஒரு வீரர் ஊர்மண்ணில் தேடிக் கண்டார் என்பது மறுக்க இயலாதது.

1982 டிசம்பரில், டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்டு, பிரதேச இராணுவத்தின் 127ஆம் சூழலியல் படை அமைக்கப்பட்டது. கார்வால் பகுதியின் முன்னாள் படைவீரர் அதில் சேர்ந்தனர். சுண்ணாம்புக்கல் தோண்டியதால் மொட்டையாகிப் போன முசோரி மலைச்சரிவுகளில் அவர்கள் மரம் நட்டு, காவல்நின்று வளர்த்தனர். அதே ஒழுங்கு, அதே தோழமை, கையிலிருந்ததோ மண்வெட்டி.

இங்கு ஐயமொன்று எழும். உழவும் இம்சைதானே? மண்ணுயிரும் நீருயிரும் புழுபூச்சிகளும் ஏர்முனையில் அழியவில்லையா? கொலையால் வந்த புண்ணை மற்றொரு கொலையால் ஆற்றுவதா? இவ்வையம் நேர்மையானது. இல்லறத்தார்க்குரிய இம்சையைச் சான்றோர் நான்காக வகுத்தனர். கொல்லவேண்டும் என்றே எண்ணிச் செய்வது சங்கல்ப இம்சை. அது அறவே விலக்கத்தக்கது. இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப இம்சை. தொழிலில் நேர்வது உத்யோக இம்சை. பகையினின்று தன்னையும் நாட்டையும் காக்க நேர்வது விரோத இம்சை. பின்னைய மூன்றும் இல்லறத்தானால் முற்றும் தவிர்க்க இயலாதவை; இயன்றவரை குறைக்கத்தக்கவை. ஆதலின் நாடு காத்த வீரனும் நெல் விளைத்த உழவனும் இவ்வறநூற் கணக்கில் அயலார் அல்லர். காவலில் நேர்ந்த இம்சையிலிருந்து உழவின் குறைந்த இம்சைக்கும், அதிலும் விழிப்போடு மேலும் குறைப்பதற்கும் ஒருவன் இறங்கி வருவது ஆன்மப் பயணமே. செய்ததை மறைக்காமல் நினைந்து திரும்பும் பிரதிக்கிரமணத்தின் வழியும் இதுவே.

எனவே வீரர்க்கு அமைத்துக் கொடுக்கும் உழவு, உயிர்க்கொலை குறைந்ததாக இருத்தல் வேண்டும். கோழி, மீன் வளர்ப்பும் தேன் எடுத்தலும் இந்நெறிக்கு ஆகா. நெல்லும் கேழ்வரகும் உளுந்தும் காய்கனியும் மரமும் பசுவும் போதும். பூச்சிமருந்து இல்லாத இயற்கை உழவுக்கு இங்கு இன்னொரு காரணமும் உண்டு. மனம் நொந்த மனிதன் இருக்கும் வீட்டில் நஞ்சுப் புட்டி இருக்கலாகாது. எட்டும் தொலைவில் நஞ்சில்லாமையே பல உயிர்களைக் காத்துவிடும். உழவு மருத்துவர்க்கு மாற்று ஆகாது என்பதும் நினைவிருக்க வேண்டும். உறக்கமின்றித் தவிப்பவரை, உயிரை வெறுத்துப் பேசுபவரை, மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முதற்கடமை. வயல் அதன்பின் வரும் நெடிய துணை.

இப்பொருள் தமிழ்ச் சமணர்க்கு மிக அருகில் இருப்பது. திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், வேலூர்ப் பகுதிகளில், ஏரிக்கரையும் ஜினாலயமும் சூழ நூற்றாண்டுகளாக உழுது வாழ்ந்த குடிகள் இவை. அதே வட்டாரம் படைக்கு ஆள் அனுப்பிய வட்டாரமும் ஆகும். முதல் உலகப்போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் சென்றனர், 14 பேர் உயிர்துறந்தனர் என்று அந்நகர மணிக்கூண்டின் கல் கூறுகிறது. கண்ணமங்கலத்தை அடுத்த கம்மவான்பேட்டை, வீட்டுக்கு வீடு படைவீரர் உள்ள ஊராகப் பெயர் பெற்றது. சிப்பாயாகச் சேர்ந்தோர் பலர் நாற்பது வயதிற்கு முன்னரே ஓய்வு பெற்றுவிடுகின்றனர். 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்திலோ பணி நான்கே ஆண்டு. 25 விழுக்காட்டினர் வரையே நிலையான பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். இருபத்தைந்து வயது நிரம்பாத முன்னாள் வீரரும் இனி ஊர்களில் இருப்பர்.

மறுபுறம், சமணக் குடும்பத்துப் பிள்ளைகள் படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். ஊரில் நிலம் குத்தகைக்கு விடப்பட்டோ, தரிசாகவோ கிடக்கிறது. முதியோர் சிலரே ஆலயத்திற்கு விளக்கேற்றுகின்றனர். ஒரு பக்கம் ஆளில்லாத நிலம். மறுபக்கம் நிலமில்லாத ஆள். இவ்விரண்டும் ஒரே ஊரில், ஒரே தெருவின் இருமுனைகளில் இருக்கின்றன.

பெருநிதி திரட்டாமலேயே இயலுவன சில உண்டு. தரிசாகக் கிடக்கும் நிலத்தை ஒரு முன்னாள் வீரர்க்கு, ஆண்டுக்கு ஆண்டு மாற்றாமல், ஐந்தாண்டேனும் நியாயமான குத்தகைக்கு எழுத்து வழியே கொடுக்கலாம். நிலையின்மையைத் தாங்கிவந்தவர்க்கு நிலைத்தன்மையே முதல் மருந்து. எந்த வயலில் எப்போது நீர் தங்கும், எந்தப் பட்டத்தில் எது விளையும் என்பதை அறிந்த முதியவர் ஒருவர், வாரம் ஒருமுறை வரப்பில் அமர்ந்து கற்பிக்கலாம். அவர் விளைக்கும் அரிசியையும் பருப்பையும் அறநிலையங்களின் அன்னதானத்திற்கும் நகரத்துக் குடும்பங்களின் அடுக்களைக்கும் விலைபேசி வாங்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகினால், நிலம் வேண்டுவோரை அறிந்துகொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் முதலாகச் செய்யத்தக்கது ஒன்று. எத்தனை பேரைக் கொன்றீர் என்று சிறுவரும் பெரியவரும் வீரரிடம் கேட்பதை நிறுத்த வேண்டும். அவர் பேச விரும்பும் நாளில் கேட்டு, விரும்பாத நாளில் மழையையும் மாட்டையும் பற்றிப் பேசியிருத்தல் போதும். அகிம்சையைப் போற்றும் சமூகம், வாள் தாங்கியவரைக் கண்டு ஒதுங்கி நிற்பதும் ஒருவகை இம்சையே. நெல்லறுப்பின்போது களத்திற்குச் சென்று நிற்பதும், திருவிழாவிற்கு அவரை அழைத்து அருகில் அமர்த்துவதும் அதனைத் தீர்க்கும்.

பாகுபலியின் மேல் கொடி தானாகப் படர்ந்தது. பரதனோ தன் இருப்பிடத்திலிருந்து எழுந்து நடந்துவர வேண்டியிருந்தது. நிலம் தன் பங்கைத் தவறாமல் செய்யும். மழை பெய்தால் முளைக்கும். மனிதர் செய்யவேண்டிய பங்கோ எவரேனும் எழுந்து நடந்தால்தான் நிகழும். இத்திருவிழா முடிந்து ஊர் திரும்புவோருள் ஒரு சிலரேனும், தம் தெருக்கோடியில் வாழும் முன்னாள் வீரர் ஒருவரின் வாயிலுக்குச் சென்று, ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, வந்து பார்க்கிறீர்களா என்று கேட்பாராயின், இன்று பேசப்பட்டது பயனுடையதாகும்.

உயிர்கள் அனைத்தும் நலம் பெறுக. அறம் வளர்க.